கையெழுத்துப் போடும் முன்: கிராமக் குழுவின் காலநிலைப் பணிக்கு எந்தப் பணம் ஒத்துவரும்?

"ரெண்டு இடத்துல கேட்டிருந்தோம். ரெண்டுமே கிடைக்கும்போல தெரியுது. எதை எடுத்துக்கிறது?" கிராமக் குழுக்களில் வேலை பார்க்கிறவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி இந்த வகைக் கேள்விதான். கேட்கும்போதே தொகையையும் சொல்லிவிடுவார்கள். பெரிய தொகை தருகிறவர் பக்கம் மனசு ஏற்கெனவே சாய்ந்திருக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பணம் எந்த மாதம் கைக்கு வரும்? பெரும்பாலும் பதில் இருக்காது.

இந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்டது ஒரு நாற்றங்காலில். அப்போது ஒரு குழுவுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முதல் தவணையில் கன்று வளர்த்தாயிற்று. குழி எடுக்கவும் நடவும் இரண்டாம் தவணைப் பணம். முதல் தவணைச் செலவில் இரண்டு வவுச்சரில் கையெழுத்து இல்லை என்று கோப்பு திரும்பி வந்தது. சரிசெய்து அனுப்பி, பணம் வந்து சேர்ந்தபோது மழை நின்று ஆறு வாரம் ஆகியிருந்தது. கன்றுகள் அதுவரை பைக்குள்ளேயே நின்றன. வேர் பையைப் பொத்துக்கொண்டு தரைக்குள் இறங்கிவிட்டது. ஒவ்வொரு பையையும் தூக்கும்போது அடியில் வேர் அறுபடுவது கைக்குத் தெரிந்தது. அறிக்கையில் 'நடப்பட்ட கன்றுகள்' படம் கேட்டிருந்ததால் காய்ந்த மண்ணிலேயே நட்டார்கள். படம் நன்றாகத்தான் வந்திருந்தது.

## எதை வைத்து ஒப்பிடுவது

வழிகளைப் பார்ப்பதற்கு முன் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து கேள்விகள்.

முதலாவது, பணம் வரும் காலம். முன்பணமா, தவணையா, செலவழித்துவிட்டு பில்லைக் காட்டி வாங்குவதா? காலநிலைப் பணி என்பது பெரும்பாலும் பருவத்தோடு கட்டிப்போட்ட பணி. குளம் தூர்வாருவது கோடையில், நடவு மழையில், விதை சேகரிப்பு காய் முற்றும்போது. நிதி தருகிறவரின் நிதியாண்டுக்கு இதில் எதுவும் தெரியாது. ஐந்து கேள்விகளில் இதற்கு நான் பாதி மதிப்பெண் கொடுப்பேன்.

இரண்டாவது, எதைச் செய்வது என்று யார் தீர்மானிக்கிறார்கள்? 'சமூகப் பங்கேற்பு' என்ற சொல் எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். ஊர் கூடிக் கேட்டது ஒன்று, ஒப்பந்தத்தில் வந்தது இன்னொன்று என்பதும் அடிக்கடி நடக்கும்.

மூன்றாவது, காகிதச் சுமை: பதிவு, வங்கிக் கணக்கு, ஆடிட், காலாண்டு அறிக்கை.

நான்காவது, எந்தச் செலவை ஒத்துக்கொள்வார்கள்? சிமென்டுக்குத் தருவார்கள்; ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்துக்கு முகம் சுளிப்பார்கள். கணக்கு எழுதுகிறவர், போக்குவரத்து, ஆடிட்டர் கட்டணம் எல்லாம் குழுவின் தலையில் விழுந்தால் மானியத்தில் ஒரு பகுதி குழுவின் கைக்காசு என்றே பொருள்.

ஐந்தாவது, திட்டம் முடிந்த மறுநாள் மதகைப் பழுதுபார்ப்பது யார்?

## நேரடிச் சிறு மானியம்

இதற்குத் தெளிவான உதாரணம், சுற்றுச்சூழல் பணிகளுக்குப் பணம் தரும் சர்வதேச நிதியமான உலகச் சுற்றுச்சூழல் வசதியின் (GEF) சிறு மானியத் திட்டம். ரியோ புவி உச்சி மாநாடு நடந்த 1992இல் தொடங்கியது, ஐ.நா. வளர்ச்சித் திட்டம் நடத்தி வந்தது. 120க்கும் மேற்பட்ட நாடுகளில் பணம் கொடுத்திருக்கிறது. நீண்ட காலம் ஒரு திட்டத்துக்கு உச்சவரம்பு 50,000 டாலர்; அண்மைக் கட்டத்தில் அது 75,000 ஆனது. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தேசிய வழிகாட்டுக் குழு முடிவெடுக்கும்; அதில் அரசு சாராதவர்களே பெரும்பான்மை. உள்ளூர் மொழியில் எழுதலாம். சில இடங்களில் எழுத்துக்குப் பதில் படமும் காணொளியும் கொண்ட விண்ணப்பத்தையும் ஏற்றிருக்கிறார்கள். விண்ணப்பம் தயாரிக்கவே ஒரு சின்னத் தொகை தரும் ஏற்பாடும் உண்டு. இதைப் பலர் கேட்பதே இல்லை.

இந்த வழியில் ஊர் நினைத்ததை ஊரே செய்ய முடிகிறது. தொகை சின்னதாக இருப்பதும் ஒருவகையில் நல்லதே. முதல்முறை மானியம் வாங்கும் குழு ஒரு தவறு செய்தால் அது தாங்கக்கூடிய அளவில் நிற்கும்.

மறைந்திருக்கும் செலவு 'இணைநிதி' என்ற சொல்லில் இருக்கிறது. மானியத்துக்கு ஈடாகப் பணமாகவோ உழைப்பாகவோ பொருளாகவோ குழு தரப்பிலிருந்து எதிர்பார்ப்பார்கள். உழைப்பாகத் தருகிறோம் என்று எழுதிவிடுவது சுலபம். யாருடைய உழைப்பு? நான் பார்த்தவரை அது அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வரும் பெண்களின் நாள்கள். கணக்கில் 'சமூகப் பங்களிப்பு' என்று அழகாக உட்கார்ந்திருக்கும். அவர்கள் வீட்டில் அது அன்றைய வருமானம் இல்லாத நாள். இணைநிதியை எழுதும் முன் யாருக்கு எத்தனை நாள் என்று பெயரோடு பட்டியல் போட்டுப் பாருங்கள். தொகை தானாகக் குறையும்.

இன்னொன்று, இந்தப் பணம் ஒருமுறைப் பணம். இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். காடு வளர இருபது வருடம் ஆகும்.

## பெரிய நிதியம், நடுவில் ஒரு அமைப்பு

2010இல் மெக்சிகோவின் கான்கூனில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் உருவான பசுமைக் காலநிலை நிதியத்துக்குத் தென்கொரியாவின் சோங்டோவில் தலைமையகம். அதன் திட்ட அளவுகளில் மிகச் சிறியதற்கு 'மைக்ரோ' என்று பெயர். ஒரு கோடி டாலர் வரை உள்ள திட்டம் அங்கே மைக்ரோ! பொதுவாக அங்கீகாரம் பெற்ற அமைப்புகள்தான் அங்கே கதவைத் தட்ட முடியும். கிராமக் குழுவுக்கு வருவது அந்த அமைப்பிடமிருந்து, அதற்குக் கீழே உள்ள அமைப்பிடமிருந்து, அதற்கும் கீழே உள்ளதிடமிருந்து இறங்கி வரும் துணை மானியம்.

ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்றுவிடும். காலநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் பணிகளுக்குப் பணம் தரும் சர்வதேசத் தழுவல் நிதியம் (Adaptation Fund) இதற்கு வெளிப்படையாகவே வரம்பு வைத்தது: தலைமை அமைப்பின் கட்டணத்துக்கு 8.5 சதவீதம், செயல்படுத்தும் செலவுக்கு 9.5 சதவீதம். இரண்டையும் உச்சத்தில் வைத்துக் கணக்கிட்டால் மொத்தப் பணத்தில் ஆறில் ஒரு பங்கு மேலேயே தங்கும். இதை நான் கொள்ளை என்று சொல்லமாட்டேன். நடுவில் இருக்கிறவர் ஒழுங்காக வேலை செய்தால் ஆடிட், கொள்முதல் விதி, ஆங்கில அறிக்கை என்ற மூன்று தலைவலியையும் அவரே சுமப்பார். சுமக்காமல் கட்டணம் மட்டும் எடுத்தால்தான் வயிறெரியும்.

அப்படிச் சுமந்த முயற்சிக்கு ஒரு உதாரணம் தென்னாப்பிரிக்கா. தழுவல் நிதியத்தின் பணத்தை எடுத்து மோபானி, நமாக்வா என்ற இரண்டு மாவட்டங்களில் 12 சிறு மானியங்களாகப் பிரித்துக் கொடுத்தார்கள். குழுக்களுக்குக் கை கொடுக்கத் தனியாக உதவி அமைப்புகளையும் வைத்தார்கள். பெரிய நிதியத்தின் விதி கிராமம்வரை வரவேண்டுமானால் நடுவில் ஒருவர் அதை மொழிபெயர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்; அந்த வேலைக்கும் சம்பளம் உண்டு.

பொதுவான நிலவரம் அவ்வளவு நன்றாக இல்லை. 2003 முதல் 2016 வரை சர்வதேசக் காலநிலை நிதியங்கள் ஒதுக்கிய பணத்தில் உள்ளூர் அளவிலான பணிகளைக் குறிவைத்தது 10 சதவீதத்துக்கும் குறைவு என்று 2017இல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. 2021 கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் சில நாட்டு அரசுகளும் அறக்கட்டளைகளும் பழங்குடி மக்களுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் காடு, நில உரிமைக்காக 170 கோடி டாலர் அறிவித்தன. முதல் வருடம் கொடுத்ததில் அவர்களுடைய அமைப்புகளின் கைக்கு நேரடியாகப் போனது 7 சதவீதம். கொடுத்தவர்களே வெளியிட்ட கணக்கு இது.

நடுவில் இருக்கும் அமைப்பிடம் நேராகக் கேளுங்கள்: மேலிருந்து வரும் மொத்தம் எவ்வளவு, எங்களுக்கு எவ்வளவு, மீதிக்கு நீங்கள் செய்யும் வேலை என்ன? பதிலை வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும். கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

## உள்ளாட்சி வழியாக வரும் பணம்

இந்த வழியைக் குழுக்கள் தேவைக்கு மேல் சந்தேகிக்கின்றன என்பது என் எண்ணம். அரசியல் நுழையும், ஒப்பந்தக்காரர் நுழைவார் என்ற பயம் நியாயமானதே. ஆனால் அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் வர வாய்ப்புள்ள பணம் இந்த ஒன்றுதான்.

கென்யாவின் ஐசியோலோவில் தொடங்கி மகுவேனி, வஜீர், கிடூய், கரிசா என்று விரிந்த கவுண்டிக் காலநிலை நிதியைப் பாருங்கள். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு. வார்டு அளவில் மக்கள் ஒரு திட்டக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். பணத்தில் 70 சதவீதம் வார்டுக் குழுக்கள் முன்வைக்கும் பணிகளுக்கு, 20 சதவீதம் கவுண்டி அளவிலான பணிக்கு, 10 சதவீதம் நிர்வாகத்துக்கு என்று பிரித்தார்கள். வார்டுக் குழு கேட்டதை மேலே உள்ளவர்கள் மேம்படுத்தச் சொல்லலாம். தங்கள் விருப்பத்துக்கு மாற்றிவிட முடியாது. சில கவுண்டிகள் தங்கள் வளர்ச்சி நிதியில் ஒரு பங்கை இதற்கென்று சட்டமாகவே ஒதுக்கின. 2021இல் உலக வங்கியின் 15 கோடி டாலரோடு இந்த முறை நாடு முழுக்க விரியத் தொடங்கியது.

ஐசியோலோவில் மக்கள் கேட்டவற்றில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். தண்ணீர்க் குட்டை, தடுப்பணை எல்லாம் கேட்டார்கள், சரி. கூடவே, எந்தப் புல்வெளியில் எப்போது மேய்ப்பது என்று முறைவைக்கும் போரானா மக்களின் 'டேதா' பெரியவர்கள் அவைக்கும் பணம் ஒதுக்கினார்கள். வறட்சிக்காலத்துக்கென்று விட்டுவைத்த புல்லை யாரும் முன்கூட்டி மேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்களுக்குத் தெரிந்த தகவமைப்பு. அதில் திறந்துவைக்கக் கட்டடம் இல்லை, கல்வெட்டு இல்லை. மேலிருந்து வரும் எந்தத் திட்ட அட்டவணையிலும் இது இடம்பெற்றிருக்காது.

ஐ.நா. மூலதன வளர்ச்சி நிதியத்தின் 'லோகல்' என்ற ஏற்பாடும் இதே பாதைதான். 2011இல் பூட்டான், கம்போடியாவில் சோதனையாகத் தொடங்கியது. உள்ளாட்சிக்கு வழக்கமாக வரும் பணத்தின் மேல் காலநிலைக்கென்று ஒரு கூடுதல் தொகை தருவார்கள். ஒவ்வொரு வருடமும் செயல்பாட்டை மதிப்பிட்டு அடுத்த வருடத் தொகையை முடிவு செய்வார்கள்.

மறைந்த செலவு நேரம். கூட்டம், தீர்மானம், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர் என்று மாதங்கள் ஓடும். தேர்தல் குறுக்கே வந்தால் கோப்பு அப்படியே நிற்கும். சொத்து உள்ளாட்சியின் பெயரில் இருக்கும், பராமரிப்பும் அதன் பொறுப்பு. குழு அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

## செலவழித்துவிட்டுத் திரும்பப் பெறுவது

ஐரோப்பிய ஒன்றியத்தின் கிராமப்புற 'லீடர்' திட்டம் 1991இல் தொடங்கியது. உள்ளூர்ச் செயற்குழு ஒன்று தன் பகுதிக்கான திட்டத்தைத் தானே எழுதி, யாருக்கு மானியம் என்பதையும் தானே தேர்ந்தெடுக்கும். அந்தக் குழுவின் முடிவுகள் எந்த ஒரு தரப்பின் கட்டுப்பாட்டுக்குள்ளும் போய்விடக்கூடாது என்பது விதி. முடிவெடுக்கும் உரிமை என்ற அளவுகோலில் இதற்கு முதல் மதிப்பெண்ணே தரலாம்.

பணம் வரும் முறைதான் இடிக்கிறது. பொதுவாகச் செலவை முதலில் செய்து பில்லைக் காட்டித்தான் வாங்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 80 சதவீத மானியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழு 100 செலவழிக்கிறது. ஒப்பந்தத் தேதிக்கு முந்தைய பில், பெயர் தவறிய ரசீது என்று 5 அளவுக்குத் தள்ளுபடி. ஏற்றது 95, அதில் 80 சதவீதம் 76. செலவழிக்கக் கையில் பணமில்லாமல் 12 சதவீத வட்டிக்கு 100 கடன் வாங்கி, பணம் வர ஆறு மாதம் ஆனால் வட்டி 6. வட்டியைத் திட்டச் செலவாக ஏற்காவிட்டால் குழுவுக்கு உண்மையில் வந்தது 70. விளம்பரத்தில் 80, கையில் 70.

ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றம் 2022இல் இத்திட்டத்தை ஆராய்ந்து, உள்ளூர் ஈடுபாடு கூடுகிறது, ஆனால் ஆகும் கூடுதல் செலவுக்கு ஈடான பலன் போதுமான அளவு நிரூபிக்கப்படவில்லை என்று எழுதியது. கையிருப்பு உள்ள கூட்டுறவுச் சங்கத்துக்கு இந்த வழி பொருந்தும். உண்டியல் வைத்து நடத்தும் குழு இதைத் தொட வேண்டாம்.

## கார்பன் வரவு

மரங்கள் காற்றிலிருந்து இழுத்துச் சேமிக்கும் கார்பனை அளந்து, புகை வெளியிடும் நிறுவனங்கள் போன்றோருக்கு 'வரவு' என்று விற்பது இது. மானியமே இல்லை, விற்பனை. ஆனாலும் 'உங்கள் காட்டுக்குப் பணம் வரும்' என்று யாராவது ஊருக்குள் வந்து சொல்லும்போது குழுக்கள் மானியத்தோடு ஒப்பிட்டே யோசிக்கின்றன. அதனால் இங்கே சேர்க்கிறேன்.

நல்ல உதாரணம் என்று எல்லாரும் காட்டுவது கென்யாவின் காசி விரிகுடாவில் உள்ள மிகோகோ பமோஜா என்ற ஊர்த் திட்டம். 117 ஹெக்டேர் அலையாத்திக் காடு. 2013 முதல் கார்பன் வரவு விற்று, அந்தப் பணத்தில் குடிநீர், பள்ளித் தேவை என்று ஊரே முடிவுசெய்து செலவழித்தது. 2017இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் தரும் ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது. பெருமைப்பட வேண்டிய வேலை. அதே சமயம் பின்னணியையும் பார்க்க வேண்டும். கென்யக் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனமும் எடின்பரோ நேப்பியர் பல்கலைக்கழகமும் பல வருடம் அங்கே அளந்து வைத்த அறிவியல் கணக்கின் மேல்தான் அது நின்றது. விற்பனையைப் பார்த்துக்கொள்ள ஒரு அறக்கட்டளை இருந்தது. அந்த அளவீட்டுச் செலவை உங்கள் ஊரில் யார் ஏற்பது?

மறைந்த செலவுகள் இங்கேதான் அதிகம்: ஆரம்ப ஆவணம், சரிபார்ப்பு, குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுசரிபார்ப்பு. ஒப்பந்தம் இருபது வருடம், சில சமயம் அதற்கும் மேல். இன்று கையெழுத்துப் போடுகிறவரின் பிள்ளைகள் அதற்குக் கட்டுப்பட வேண்டும். சந்தை விலை இறங்கினால் வரவும் இறங்கும். நில உரிமையும் மர உரிமையும் யாருடையவை என்பது காகிதத்தில் தெளிவாக இல்லாத ஊர், முதலில் அதைத் தீர்த்துவிட்டு வரட்டும்.

## சுழல்நிதி பற்றி இரண்டு வரி

எந்த மானியம் வாங்கினாலும் அதில் ஒரு பகுதியைக் குழு உறுப்பினர்களுக்குக் கடனாகக் கொடுத்துத் திரும்ப வாங்கிச் சுழற்ற முடியுமா என்று கேளுங்கள். சொட்டுநீர்க் குழாய், புகையில்லா அடுப்பு, விதை போன்ற வீட்டளவுச் செலவுக்கு இது நன்றாக ஓடும். குளம், காடு போன்ற பொதுச் சொத்துக்கு ஓடாது; கடனை யார் திருப்பிக் கட்டுவது?

## ஒரே பார்வையில்

| | பணம் வரும் காலம் | முடிவு யார் கையில் | காகிதச் சுமை | மறைந்த செலவு | முடிந்த பிறகு |
|---|---|---|---|---|---|
| நேரடிச் சிறு மானியம் | தவணை, முதல் தவணை முன்பணம் | குழு | நடுத்தரம் | இணைநிதி என்ற பெயரில் கூலியில்லா உழைப்பு | குழுவே பார்க்க வேண்டும் |
| இடைநிலை அமைப்பு | தவணை, மேலே தாமதமானால் கீழேயும் | பாதி அமைப்பு, பாதி குழு | அமைப்பு சுமந்தால் குறைவு | படிப்படியாக நிற்கும் கட்டணம் | அமைப்பு கிளம்பிவிடும் |
| உள்ளாட்சி | மெதுவாக, ஆனால் மீண்டும் வரக்கூடும் | விதியைப் பொறுத்தது | குழுவுக்குக் குறைவு | நேரம், தேர்தல் | உள்ளாட்சியின் பொறுப்பு |
| செலவுக்குப் பின் பெறுவது | கடைசியில் | உள்ளூர்ச் செயற்குழு | மிக அதிகம் | வட்டி, தள்ளுபடியான பில் | குழு அல்லது சங்கம் |
| கார்பன் வரவு | சில வருடம் கழித்து | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | மிக அதிகம் | சரிபார்ப்பு, நீண்டகாலக் கட்டுப்பாடு | விற்பனை நீடிக்கும்வரை வருமானம் |

## எந்தக் குழுவுக்கு எது

பதிவாகி ஒன்றிரண்டு வருடமே ஆன குழு என்றால் நேரடிச் சிறு மானியம். வேறு யோசனையே வேண்டாம். அதையும் முழு உச்சவரம்புக்குக் கேட்காமல் பாதி கேளுங்கள். முதல் கணக்கைச் சுத்தமாக முடித்த குழு என்ற பெயர் அடுத்த விண்ணப்பத்தில் பேசும்.

பதிவே இல்லாத, ஆனால் ஊரில் செல்வாக்குள்ள மேய்ச்சல்காரர் கூட்டமோ பாசனக் குழுவோ இருந்தால் இடைநிலை அமைப்பு அல்லது உள்ளாட்சி. மானியத்துக்காகவே அவசரமாகச் சங்கம் பதிவுசெய்வதை நான் ஊக்குவிக்க மாட்டேன். பழைய கூட்டத்தில் எல்லாரும் இருந்தார்கள். புதுச் சங்கத்தில் பைலாவில் கையெழுத்துப் போட்ட ஏழு பேர்தான் இருப்பார்கள்.

கேட்கும் பணி குளம், வாய்க்கால், தடுப்பணை என்றால் உள்ளாட்சியைத் தவிர்ப்பது பின்னால் வலிக்கும். மானியப் பணத்தில் கட்டி, பராமரிப்பை யாரும் ஏற்காமல் விட்ட மதகுகள் துருப்பிடிக்க அதிக நாள் ஆவதில்லை. கட்டுமானம் சிறு மானியத்தில், பராமரிப்புக்கு உள்ளாட்சித் தீர்மானம் என்று இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். ஆனால் தீர்மானம் முதலில் வர வேண்டும், கொத்தனார் பிறகு.

அலையாத்தியோ காடோ ஏற்கெனவே நன்றாக இருக்கிறது, உரிமையும் தெளிவு, கூட நிற்க ஒரு ஆராய்ச்சி நிறுவனமும் உண்டு என்றால் மட்டும் கார்பன் பற்றிப் பேசலாம்.

இரண்டு மானியமும் ஒரே நேரத்தில் கிடைத்தால்? ஒரே வேலைக்கு இரண்டு இடத்தில் பில் காட்டும் ஆசை மட்டும் வேண்டாம். கணக்கெழுதுகிறவர் ஒருவரே என்றால் ஒன்றை ஆறு மாதம் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள்.

எதை எடுத்தாலும், கையெழுத்துப் போடும் முன் ஒரு காலண்டரை எடுத்து, உங்கள் ஊரின் மழை மாதங்களை ஒரு நிறத்திலும் ஒப்பந்தத்தில் உள்ள தவணை மாதங்களை இன்னொரு நிறத்திலும் வட்டமிடுங்கள். இரண்டும் பொருந்தவில்லையென்றால் மாற்றிக் கேட்கலாம். அந்த நாற்றங்கால் குழு அடுத்த மானியத்தில் அதைத்தான் செய்தது. குழி எடுக்கும் செலவை முதல் தவணைக்கு மாற்றித் தரச் சொல்லி நான்கு வரியில் கடிதம் எழுதினார்கள். ஒரு வாரத்தில் சரி என்று பதில் வந்தது.